பழைய கப்பல் நோட்டும் நான் எழுதின கேஸ் ஷீட்டும்

1.
கொஞ்சம் நீளமான திரெட் மக்களே. சர்க்கரை, பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. இன்னைக்குக் கடல்ல உறையிற பனியைப் பத்தி. நெமிலில உக்காந்துக்கிட்டு வடதுருவத்துக் கதை எதுக்குய்யான்னு கேப்பீங்க. கடைசில நம்ம ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து நிக்கும். டீ போட்டுக்கிட்டு வாங்க.

2.
அப்பா ஒரு கணக்கு நோட்டு வெச்சிருந்தார். விதைநெல் விலை, கூலி, கொடுக்கல் வாங்கல். நடுநடுவுல ஒத்தை வரியில ஊர் சேதி. போன மாசம் என் பொண்ணு அதுல ரெண்டு வரியைப் போன்ல போட்டோ எடுத்து மொழிபெயர்க்கச் சொன்னா. ‘ஏரி கோடி போச்சு’ன்னு இருந்த வரிக்கு, ஏரி ஒரு கோடி ரூபாய்க்குப் போச்சுங்கிற மாதிரி ஏதோ வந்துது. ‘இன்று கடும் பனி’ங்கிறதுக்கு, நெமிலில பயங்கர ஸ்னோவாம்!

3.
வீட்டுல எல்லாரும் சிரிச்சோம். நம்ம பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணி கலங்கல் வழியா வழியிறதைத்தான் ‘கோடி போறது’ம்போம். மார்கழி விடியக்காலைல புல்லு மேல நிக்கிற ஈரமும் பனிதான், எதிர்ல வர்ற பஸ்ஸை மறைக்கிறதும் பனிதான். இமயமலைல கொட்டுறதும் பனிதான். ஒரே சொல். எழுதினவர் எங்க நின்னார்னு தெரிஞ்சாதான் அர்த்தம் கிடைக்கும்.

4.
சிரிச்சு முடிச்சப்புறம் எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுச்சு. மத்தவங்க நோட்டுல நானும் இதே தப்பைப் பண்ணியிருக்கேன். அதையும் சொல்றேன், அதை விடப் பெரிய தப்பு ஒண்ணையும் சொல்றேன்.

5.
2014. நைட் டியூட்டி முடிஞ்சு வந்தாலும் தூக்கம் வராத காலம். காரணம் பின்னாடி வருது. அப்போ இணையத்துல ‘ஓல்ட் வெதர்’னு ஒரு திட்டம் ஓடிக்கிட்டு இருந்துது. 2010-ல ஆரம்பிச்சது. பழைய கப்பல்களோட லாக் புத்தகத்தைப் பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணிப் போட்டிருப்பாங்க. நம்மள மாதிரி சாதாரண ஆளுங்க அந்தக் கையெழுத்தைப் படிச்சு டைப் பண்ணிக் கொடுக்கணும். முதல்ல பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள். 2012-லேர்ந்து ஆர்க்டிக் போன அமெரிக்கக் கப்பல்கள்.

6.
டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவன், கப்பல்காரன் கையெழுத்தைப் படிக்க மாட்டேனான்னு ஒரு திமிர்ல உள்ள போனேன். கையெழுத்து ஒரு பிரச்சனையாவே இல்லை. வார்த்தைதான் காலை வாரிச்சு.

7.
லாக் புத்தகம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: அது கப்பலோட கேஸ் ஷீட். மணிக்கு மணி காத்து எந்தத் திசை, எவ்வளவு வேகம், பாரோமீட்டர் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, வானம் எப்படி. நாலு மணி நேரத்துக்கு ஒரு அதிகாரி டியூட்டி. முடிக்கும்போது நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த ஆள்கிட்ட ஒப்படைக்கணும். வார்டுல நாங்க பண்றது அச்சு அசலா இதேதான்.

8.
இந்தப் பழைய நோட்டெல்லாம் இப்போ எதுக்கு? கடல்பனி எவ்வளவு பரப்புல இருக்குன்னு சாட்டிலைட் தொடர்ச்சியா சொல்ல ஆரம்பிச்சது 1978 கடைசிலதான். அதுக்கு முன்னாடி எப்படி இருந்துதுன்னு தெரியணும்னா, அங்க நேர்ல போய் நின்னு கண்ணால பார்த்து எழுதினவங்களைத்தான் கேக்கணும். திமிங்கல வேட்டைக்காரங்க, கடற்படைக்காரங்க, துருவத்துக்குப் போனவங்க. இப்போ பனி குறைஞ்சிருக்கா, எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு சொல்ல அந்த நோட்டுங்க முக்கியமான சாட்சி.

9.
சாட்சி சொன்ன மொழி புரியணுமே! இங்கதான் ‘பே ஐஸ்’ங்கிற வார்த்தைகிட்ட நான் மாட்டினேன். ‘பே’ன்னா விரிகுடா. அப்போ விரிகுடாவுல கரையோட ஒட்டிக்கிட்டு நிக்கிற கெட்டிப் பனியா இருக்கும்னு நானா முடிவு பண்ணிட்டேன். அகராதி பார்க்கவே இல்லை. இதுல என்ன இருக்குன்னு நினைப்பு.

10.
அப்புறம் வில்லியம் ஸ்கோர்ஸ்பியைப் படிச்சேன். விட்பிங்கிற இங்கிலாந்துத் துறைமுகத்துக்காரர், திமிங்கல வேட்டைக் கப்பல் கேப்டன். 1820-ல ஆர்க்டிக் பத்தி ரெண்டு பாகத்துல ஒரு புத்தகம் போட்டார். வேட்டைக்காரங்க வாயில புழங்கின பனிச் சொல்லுக்கெல்லாம் அதுல விளக்கம் எழுதி வெச்சிருக்கார். அவர் கணக்குல பே ஐஸ்னா கடல் மேல புதுசா உறைஞ்ச பனி. நேத்து முந்தாநேத்து பிறந்த குழந்தை.

11.
கூத்து என்னன்னா, 20-ம் நூற்றாண்டு நடுவுல வந்த சில கலைச்சொல் தொகுப்புல அதே பே ஐஸுக்கு, ஒரு குளிர்காலத்துக்கு மேல கரையோட ஒட்டி நின்னு தடிச்ச பனின்னு அர்த்தம் போட்டிருக்கு. ஒரு ஆள் குழந்தைன்னு சொன்னதை இன்னொரு ஆள் கிழவன்னு படிச்சா எப்படி? 1820-ல ஒருத்தர் ‘பே ஐஸ் வழியா போனோம்’னு எழுதினா கப்பல் லேசா கிழிச்சுக்கிட்டுப் போயிருக்கும். பிற்கால அர்த்தத்துல படிச்சா அது நடக்காத காரியம்.

12.
இதே மாதிரி இன்னும் ரெண்டு.

‘லேண்ட் ஐஸ்’: இன்னைக்கு இதைக் கேட்டா நிலத்து மேல இருக்கிற பனியாறுன்னு நினைப்போம். வேட்டைக்காரங்க நோட்டுல அது பெரும்பாலும் கரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற கடல்பனி.

‘ஐஸ் ஐலண்ட்’: கேப்டன் குக் 1770-கள்ல தென்கடல்ல எழுதின ‘பனித்தீவு’ எல்லாம் நாம பனிப்பாறைன்னு சொல்ற சமாச்சாரம்தான். இப்போ அந்த வார்த்தையை வேற ஒரு வகைக்கு, பனித்தட்டுலேர்ந்து உடைஞ்சு வந்த ராட்சசத் துண்டுக்கு வெச்சிருக்காங்க.

13.
அடுத்தது அளவு. ஸ்கோர்ஸ்பி ஒரு அழகான வழி சொல்றார். பாய்மரத்து உச்சில நின்னு பார்த்தும் எல்லை தெரியலைன்னா அந்தப் பனிப் பரப்பு ‘ஃபீல்ட்’. எல்லை கண்ணுக்குத் தெரிஞ்சா ‘ஃப்ளோ’. மீட்டர், கிலோமீட்டர் எதுவும் கிடையாது. கண்ணு எட்டுற தூரம்தான் அளவுகோல்.

14.
அப்போ கண்ணு எவ்வளவு உயரத்துல இருந்துதுங்கிறது முக்கியம் இல்லையா? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மீட்டர் உயரத்துல நின்னா கடல்ல தொடுவானம் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் தூரத்துல. டெக்ல, தண்ணிக்கு 5 மீட்டர் மேல நின்னா 8 கிலோமீட்டர்தான். பெரிய கப்பல்காரனுக்கு ஃப்ளோவா தெரியிறது சின்னக் கப்பல்காரனுக்கு ஃபீல்டா தெரியும். பனி அதேதான், மரம்தான் குட்டை.

15.
1970-ல உலக வானிலை அமைப்பு இதுக்கெல்லாம் ஒரு பொதுக் கலைச்சொல் தொகுப்பு கொண்டு வந்துது. இப்போ ஃப்ளோன்னா குறுக்கே 20 மீட்டராவது இருக்கணும். 10 கிலோமீட்டரைத் தாண்டினா அது ராட்சச ஃப்ளோ. கடல் பரப்புல பத்துல எத்தனை பங்கு பனின்னும் குறிக்கணும். இனிமே எழுதுறவங்களுக்கு ரொம்ப நல்லது. ஆனா 1820-ல எழுதினவர்கிட்ட இந்த ஸ்கேலை நீட்ட முடியாது.

16.
ஒரு சொல் மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது. இங்கிலீஷ்ல நாலு எழுத்து. ‘லீட்’னு படிச்சா பனிக்கு நடுவுல நீளமா வாய் பிளந்த தண்ணி வழி. கப்பலுக்கு உசிரே அதுதான். ‘லெட்’னு படிச்சா ஈயம். அதையே கயித்துல கட்டி ஆழம் பார்க்கிற ஈயக்குண்டுக்கும் சொல்வாங்க. எழுத்துல மூணும் ஒண்ணு. இந்த மூணு கதையும் நடந்த ஒரு கப்பல், ஜெனட்.

17.
ஜெனட் 1879 ஜூலை 8 அன்னைக்கு சான் பிரான்சிஸ்கோலேர்ந்து கிளம்புச்சு. கேப்டன் டி லாங். 33 பேர். செப்டம்பர்ல பனில மாட்டினது, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் அந்தப் பனியோடயே நகர்ந்துது. எப்போ ஒரு லீட் திறக்கும், எப்போ வெளிய போவோம்னு காத்திருந்தாங்க. ஈயக்குண்டு போட்டு ஆழம் பார்த்துப் பார்த்து எழுதினாங்க. 1881-ல ஆளுங்களுக்கு வயித்து வலியும் சோர்வுமா வர ஆரம்பிச்சது.

18.
கப்பல் டாக்டர் பேர் ஜேம்ஸ் ஆம்ப்ளர். இது ஈய விஷம்னு கண்டுபிடிச்சார். தக்காளி டின்னோட ஈயப் பற்றவைப்புலேர்ந்து வந்துதுன்னு தேடிப் பிடிச்சார். ஆய்வகம் கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது. கேட்டு, தொட்டு, பார்த்து, எழுதி வெச்சுக் கண்டுபிடிச்சது. ஒரு டாக்டரா அந்த இடத்துல கொஞ்ச நேரம் படிக்கிறதை நிறுத்திட்டேன்.

19.
1881 ஜூன்ல பனி நெருக்கிக் கப்பல் முழுகிடுச்சு. சாப்பாடு, படகு, நோயாளிங்க எல்லாத்தையும் பனி மேல இழுத்துக்கிட்டு நடந்தாங்க. அந்தச் சுமையோட லாக் புத்தகங்களையும் இழுத்துக்கிட்டு வந்தாங்க. மூணு படகுல ஒண்ணு கடல்ல காணாமப் போச்சு. மத்த ரெண்டும் சைபீரியாவுல லேனா ஆத்து முகத்துவாரத்துல வேற வேற இடத்துல கரை ஏறுச்சு. நடக்கத் தெம்பில்லாம டி லாங் குழு புத்தகங்களைக் கரையிலேயே பத்திரமா வெச்சுட்டுப் போனாங்க. கடைசில 20 பேர் செத்துட்டாங்க. டி லாங், சமையல்காரர் ஆ சாம், டாக்டர் ஆம்ப்ளர் மூணு பேர் உடம்பும் ஒண்ணா கிடைச்சுது. புத்தகங்களும் கிடைச்சுது. நூத்தி முப்பது வருஷம் கழிச்சு அந்தப் பக்கங்களையும் ஓல்ட் வெதர்ல டைப் பண்ணாங்க.

20.
இப்படி எழுதின ஒரு வரியை, ‘இதுல என்ன இருக்கு’ன்னு அகராதி பார்க்காம நான் படிச்சிருக்கேன் பாருங்க.

21.
சரி, உயரம் ஒரு விஷயம். எதுக்காகப் பார்த்தாங்கங்கிறது இன்னொண்ணு. ‘திறந்த பனி’ன்னு ஒருத்தர் எழுதினா, என் கப்பல் போகும்னு அர்த்தம். பாய்மரக் கப்பல்காரனுக்கு மூடின வழி நீராவிக் கப்பல்காரனுக்குத் திறந்த வழி. 1841-ல ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அன்டார்டிகாவுல ஒரு பனிச்சுவரைப் பார்த்து ‘பேரியர்’னார், தடுப்பு. அவரைத் தடுத்துது, அதனால தடுப்பு. இப்போ அதுக்கு ராஸ் பனித்தட்டுன்னு பேரு. அந்தக் கப்பல்ல உதவி டாக்டரா இருந்தவர் ஜோசப் ஹூக்கர். பின்னாடி நம்ம சிக்கிம், இமயமலைப் பக்கம் செடி கொடி சேகரிச்சாரே, அவரேதான்.

22.
நம்ம நாட்டோட முதல் அன்டார்டிகா பயணம் 1981 டிசம்பர் 6 அன்னைக்கு கோவாலேர்ந்து கிளம்பி 1982 ஜனவரி 9 அன்னைக்கு அங்க இறங்குச்சு. தலைவர் காசிம். அடுத்த கொஞ்ச வருஷத்துல நாம கட்டின முதல் நிலையம் தட்சிண் கங்கோத்ரி நின்னது பனித்தட்டு மேல. ராஸ் காலத்து ஆள் அதைப் பார்த்திருந்தா ‘பேரியர் மேல வீடு கட்டியிருக்காங்க’ன்னு எழுதியிருப்பார். படிக்கிற நாம குழம்பியிருப்போம்.

23.
மூணாவது, நேரம். ஸ்காட்டோட கடைசிப் பயணத்துல பவர்ஸ்னு ஒருத்தர். ராயல் இந்தியன் மரீன்ல, அதாவது நம்ம பக்கத்துக் கடல்படைல வேலை பார்த்துட்டு அங்க போனவர். 1911 பிப்ரவரி கடைசி ராத்திரி ரெண்டு பேரோட, நாலு குதிரையோட, கடல்பனி மேல கூடாரம் போட்டுத் தூங்கினார். படுக்கும்போது கெட்டிப் பனி. நடுராத்திரிக்கு மேல முழிச்சுப் பார்த்தா பனி துண்டு துண்டா உடைஞ்சு மிதக்குது. மூணு பேரும் தப்பிச்சாங்க, குதிரைல ஒண்ணுதான் மிஞ்சுச்சு. ‘பனி உறுதி’ங்கிறது அந்த மணி நேரத்துக்கு மட்டும் உண்மை. எங்க பிரஷர் ரீடிங் மாதிரி.

24.
சரி, இதையெல்லாம் சேர்த்து வெச்சு விஞ்ஞானிங்க என்ன பண்றாங்க? 1997-ல டி லா மேர்னு ஒரு ஆய்வாளர் திமிங்கலம் பிடிச்ச இடங்களோட பதிவை வெச்சு, அன்டார்டிகா பனி விளிம்பு 1950-கள் நடுவுக்கும் 1970-கள் தொடக்கத்துக்கும் இடையில சுமார் 2.8 டிகிரி தெற்க போயிருக்குன்னார். கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். பெரிய சேதி.

25.
உடனே கேள்வி வந்துது. கப்பல்காரன் ‘விளிம்பு’ங்கிறது எதை? சாட்டிலைட் ‘விளிம்பு’ங்கிறது எதை? சாட்டிலைட் கணக்குல 15 சதவீதம் பனி இருக்கிற இடம்தான் விளிம்பு. கப்பல்காரனுக்கு, வழியில குறுக்கிடுற முதல் பனிக் கோடே விளிம்பா இருக்கலாம். அது சாட்டிலைட் கண்ணுக்குப் படாமலே போகலாம். அப்போ அந்த 2.8 டிகிரில பனி நகர்ந்தது எவ்வளவு, வார்த்தை நகர்ந்தது எவ்வளவு? அந்த விவாதம் வருஷக்கணக்கா ஓடுச்சு.

26.
2016-ல டாம் எடின்பரோ, ஜொனாதன் டே ரெண்டு பேரும் 1897-லேர்ந்து 1917 வரைக்கும் அன்டார்டிகா போன கப்பல்களோட லாக்கைக் கோடைகாலப் பனிக்காகப் படிச்சுப் பார்த்தாங்க. ஸ்காட், ஷாக்கிள்டன் கப்பலெல்லாம் அதுல இருக்கு. வெடல் கடல் பக்கம் நல்லா குறைஞ்சிருக்கு, மத்த பக்கம் பெரிய மாத்தம் இல்லைன்னு சொன்னாங்க. ‘எல்லாம் போச்சு’ன்னும் சொல்லலை, ‘ஒண்ணுமே ஆகலை’ன்னும் சொல்லலை. பொறுமையாப் படிச்சா இப்படித்தான் பதில் வரும், இடத்துக்கு இடம்.

27.
இப்போ நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். ஒரு லாக்ல பனி பத்தி வார்த்தையே இல்லைன்னு வெச்சுக்கங்க. என்ன அர்த்தம்? பனி இல்லையா? இல்ல, எழுத வேண்டிய அளவுக்குப் புதுசா தெரியலையா? மூடுபனில எதுவுமே தெரியலையா? ‘பனி கண்ணில் படவில்லை’ங்கிறதும், ‘பனி இல்லை’ங்கிறதும், வெத்து இடமும், மூணும் வேற வேற. நல்ல அதிகாரி ‘அடர்ந்த மூடுபனி’ன்னு எழுதிட்டு விட்டுடுவார். படிக்கிறவன் புரிஞ்சுக்குவான்: இவர் பார்க்கலை, பார்க்க முடியலை.

28.
எங்க தொழில்ல ‘என்.ஏ.டி.’ன்னு ஒரு சுருக்கம் உண்டு. பரிசோதிச்சதுல கோளாறு எதுவும் தென்படலைன்னு அர்த்தம். டாக்டருங்களுக்குள்ள அதுக்கு ஒரு கிண்டல் விரிவாக்கமும் உண்டு: ‘நாட் ஆக்சுவலி டன்’. அதாவது, பரிசோதிக்கவே இல்லை. ஹாஸ்டல்ல இதைச் சொல்லிச் சிரிச்சிருக்கோம். 2011-க்கு அப்புறம் எனக்குச் சிரிப்பு வர்றதில்லை.

29.
அப்போ நான் டியூட்டி பார்த்த ஒரு ஆஸ்பத்திரி. ராத்திரி ஒன்றரை மணி. ஷூ கம்பெனில வேலை பார்க்கிற பொண்ணு, 22 வயசு இருக்கும். ராணிப்பேட்டைப் பக்கம் கம்பெனி பஸ்ல போய் வர்ற பொண்ணுங்க நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒண்ணு உண்டு, தெரியும்ல. ‘தொப்புள சுத்தி வலிக்குது சார், வாந்தி வர்ற மாதிரி கீது’ன்னா. கூட அவங்க அம்மா. வெளிய இன்னும் பதினஞ்சு பேர். நர்ஸ் அக்கா பிரசவ வார்டுல. பெண் நோயாளியை நர்ஸ் இல்லாம பரிசோதிக்கக் கூடாது. கூப்பிட்டு விட்டுக் காத்திருக்கணும். நான் காத்திருக்கலை.

30.
ஒரு ஊசி போட்டேன். கேஸ் ஷீட்ல ‘வயிறு: என்.ஏ.டி.’ன்னு எழுதினேன். கை அதுவா எழுதிடுச்சு. நேரம் கூடப் போடலை.

காலைல டியூட்டிக்கு வந்த டாக்டர் என் எழுத்தைப் பார்த்தார். ராத்திரி பார்த்தவர் வயிறு சரியா இருக்குன்னு எழுதியிருக்காரே, அப்போ கேஸ்ட்ரிக்தான்னு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டார். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. அவர் என்னை நம்பினார், அவ்வளவுதான்.

31.
மறுநாள் ராத்திரி திரும்பி வந்தாங்க. வயிறு பலகை மாதிரி. குடல்வால் வெடிச்சு வயித்துக்குள்ள சீழ். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஆபரேஷன் ஆகி, 19 நாள் படுக்கை. பொழைச்சுக்கிட்டா. அந்த வேலை போச்சு. ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது அவங்க அம்மா என்னைப் பார்த்துக் கத்தக் கூட இல்லை. பக்கத்துல நின்ன ஆள்கிட்ட மெதுவா சொன்னாங்க: ‘அன்னிக்கு ராத்திரி இவரு வவுத்துல கையே வெக்கலபா.’

32.
அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துது. கேஸ் ஷீட்டுக்குத் தெரியலை.

நான் அந்த இடத்தை வெத்தா விட்டிருந்தா? காலைல வந்தவர், ‘வயிறு பார்க்கலையா, சரி நான் பார்க்கிறேன்’னு கை வெச்சிருப்பார். என் வெத்து இடம் அவளைக் காப்பாத்தியிருக்கும். என் மூணு எழுத்துதான் கெடுத்துது. அதுதான் அந்தத் தூக்கம் வராத காலத்துக்குக் காரணம்.

33.
2014-ல ஒரு லாக்ல யாரோ ஒரு அதிகாரி ‘மூடுபனி’ன்னு மட்டும் எழுதி அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்தப்போ, அவர் மேல பொறாமையா இருந்துது. என்ன ஒரு யோக்கியம்! கேப்டன் திட்டுவாரோன்னு ‘பனி இல்லை’ன்னு அடிச்சு விட்டுட்டுப் போயிருக்கலாமே. போகலை. அடுத்த டியூட்டிக்காரன் அதை நம்பிப் பாயை விரிப்பான்னு அவருக்குத் தெரியும்.

34.
என்கிட்ட பிரஷருக்கு வர்ற ஒரு பெரியவர், கடற்படைல இருந்து ஓய்வு பெற்றவர். அரக்கோணம் ராஜாளி தளம் பக்கம்தானே நமக்கு, அப்படி நிறைய பேர் இங்க செட்டில் ஆகியிருக்காங்க. அவர்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். ‘டாக்டர் சார், லாக்ல தப்பா எழுதிட்டா நாங்க அழிக்க மாட்டோம். குறுக்கால ஒரே ஒரு கோடு, பக்கத்துல கையெழுத்து. தப்பும் படிக்கிற மாதிரி இருக்கணும்’னார். எங்களுக்கும் அதே விதிதான் சார்னேன். ‘அப்போ நாம ஒரே சர்வீஸ்தான்’னு சிரிச்சார்.

35.
இப்போ நான் என்ன பண்றேன்? பார்க்கலைன்னா ‘பார்க்கவில்லை’ன்னு எழுதுறேன். ஏன்னும் எழுதுறேன்: நர்ஸ் இல்லை, நோயாளி வேண்டாம்னாங்க, கரண்ட் இல்லை. நேரம் போடுறேன். ‘என்.ஏ.டி.’யை விட்டுட்டேன். ‘வயிறு மெத்துன்னு இருக்கு, வலது கீழ்ப்பக்கம் அழுத்தினா வலி இல்லை, ராத்திரி 1.40’னு நீளமா எழுதுறேன். என்கூட வர்ற ஜூனியர் பசங்க கேலி பண்றாங்க, சார் நாவல் எழுதுறார்னு. பண்ணட்டும்.

36.
நோயாளி சொல்ற வார்த்தையையும் அப்படியே எழுதுறேன். ‘வாயு’ன்னா வாயுன்னு. அதை நானா கேஸ்ட்ரிக்னு மொழிபெயர்க்கிறதில்லை. எங்க கை வெச்சுக் காட்டினாங்கன்னு பக்கத்துல எழுதுவேன். நடுநெஞ்சுல கையை வெச்சு வாயுன்னு சொன்னா முதல்ல ஈ.சி.ஜி. எழுதினவர் எங்க நின்னார்னு கேக்கிற அதே கேள்விதான் இது.

37.
திரும்ப அப்பா நோட்டு. ‘ஏரி கோடி போச்சு’ன்னு அடிக்கடி வருது. அதைக் காட்டி, அந்தக் காலத்துல எவ்வளவு தண்ணி பாரு, இப்போ எங்கன்னு ஒரு போஸ்ட் போட எனக்கு ஆசையாத்தான் இருந்துது. லைக்கும் அள்ளும். போடலை. ஏரில வருஷா வருஷம் வண்டல் படியுது. அடி மேடாயிட்டா கொஞ்சத் தண்ணிக்கே கோடி போகும். 1970-களோட கோடியும் இப்போதைய கோடியும் ஒரே வார்த்தை, ஒரே தண்ணி இல்லை. மதகுப் பக்கம் கல்லுல தண்ணி எது வரைக்கும் ஏறுச்சுன்னு அப்பா எழுதலை. சில வருஷம் ஏரி பத்தி வரியே இல்லை. அது பஞ்சமா, இல்ல அப்பா அந்த வருஷம் ஊர்ல இல்லையான்னு அம்மாகிட்டதான் கேட்டேன்.

38.
‘எந்த வருஷம்டா?’ன்னு கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. ‘அந்த வருஷம் உங்கப்பாவுக்குக் கால் ஒடிஞ்சு கெடந்தாரு. ஏரிப்பக்கமே போவல. அந்த வருஷம் தண்ணி நல்லாத்தான் இருந்துது’ன்னாங்க. அந்தப் பக்கத்து ஓரத்துல பென்சிலால எழுதி வெச்சேன்: ‘அப்பா ஏரியைப் பார்க்கவில்லை. கால் முறிவு. அம்மா சொன்னது.’ தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

39.
ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுலயும் இப்படி நோட்டு இருக்கும். மழைக் கணக்கு, கிணத்துத் தண்ணி, தோல் கிடங்குக் கணக்கு, மருத்துவச்சி எழுதி வெச்ச பிரசவக் கணக்கு, எதுவா இருந்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீங்க. எழுதினவங்களோ கூட இருந்தவங்களோ உயிரோட இருக்கும்போதே பக்கத்துல உக்காந்து, இந்த வார்த்தைக்கு அப்போ என்ன அர்த்தம், எங்க நின்னு பார்த்தீங்கன்னு கேட்டு ஓரத்துல எழுதி வெச்சுடுங்க. ஸ்கோர்ஸ்பி அவர் ஆளுங்க பேச்சுக்குப் பண்ண வேலை அதுதான்.

40.
என்னை மாதிரி டியூட்டில இருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. கூட்டம் இருக்கும், தூக்கம் வரும், கை தானா எழுதும். எழுதிக்கங்க. ஆனா பார்க்காததைப் பார்த்ததா மட்டும் எழுதாதீங்க. காலைல ஒருத்தர் வந்து அதைப் படிப்பார், நம்பவும் செய்வார்.

கிளினிக்ல ஆள் வந்தாச்சு, போறேன்.